மாதிரிக்கு ஒரு கட்டுரை

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்துகொண்டிருந்த வேளையில், வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுத் தகரக் கூரை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. இஷாத் தொழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டு, மின்கல விளக்கின் வெளிச்சத்தில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் அமர்ந்திருந்தேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்று ஆறு மாதமாகியிருந்த என் இளைய மகள் இரண்டு காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள்.

"அத்தா, இதுல எதை அனுப்பட்டும்? இன்னும் ஆறே நாள்தான் இருக்கு" என்றாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு முனைவர் பட்டப் படிப்புக்காக அவள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். மற்றெல்லாம் முடிந்திருந்தன. 'ரைட்டிங் சாம்பிள்' என்று ஒன்று கேட்கிறார்களே, அது மட்டுமே எஞ்சியிருந்தது. 'மாதிரி எழுத்து' என்று நான் அதைத் தமிழாக்கிக்கொண்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு எதைக் கண்டாலும் மொழிபெயர்க்கும் நோய் உண்டு, வாசகர்கள் பொறுத்தருள்க.

மாதிரி என்ற சொல் எனக்கு என் தந்தையாரை நினைவூட்டியது. மர்ஹூம் அவர்கள் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் முப்பதாண்டுக்கும் மேலாகத் தறி ஓட்டியவர்கள். பெருநாளைக்குத் துணி எடுக்க எங்களைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அழைத்துப் போனால், கடைக்காரர் விரித்துக் காட்டும் பக்கத்தை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஓரத்தில் ஓர் இழையை இழுத்துப் பார்ப்பார்கள். கடைக்காரருக்கு முகம் கோணும். "நெசவுக்காரனுக்கு முன்பக்கம் எதுக்கு?" என்பது அவர்களுடைய வாதம்.

நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், குறிப்பாகப் பெண் மக்கள், இப்போது இவ்வழியில் காலெடுத்து வைக்கத் தொடங்கியிருப்பதால், இந்த மாதிரி எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் 1981-இல் எம்.ஃபில். பட்டம் பெற்றபோது இப்படியொன்றை யாரும் கேட்டதில்லை. மதிப்பெண் பட்டியலும் வழிகாட்டும் பேராசிரியரின் சம்மதமும் இருந்தால் போதும். பி.எச்டி.க்குப் பதிவு செய்துகொள்ளப் பேராசிரியர் சம்மதித்தும், இரண்டு தங்கைகளின் திருமணத்தை முன்னிட்டு நான் பள்ளி வேலைக்குப் போய்விட்டேன். அந்த எம்.ஃபில். பட்டத்தையே 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூலம் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இந்நாட்டில் முனைவர் படிப்புக்கு இன்று நெட் போன்ற தேர்வும், ஆய்வுத் திட்டமும், நேர்காணலுமே வாயில்கள். இங்கிலாந்திலும் ஆய்வுத் திட்டத்துக்கு எடை அதிகம்.

அமெரிக்க முறை வேறு. அங்கே வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு உதவித்தொகையுடன் இடம் கொடுக்கிறார்கள். ஆகவே ஒரு துறைக்கு ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்வோர் கைவிரல்களில் எண்ணத்தக்கவர்களே. ஜி.ஆர்.ஈ. என்னும் தேர்வைப் பல துறைகள் 2020-க்குப் பின் கைவிட்டுவிட்டன. எஞ்சியவை மதிப்பெண்கள், மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், 'நான் இன்னதை ஆராய விரும்புகிறேன்' என்னும் நோக்க அறிக்கை, மாதிரி எழுத்து ஆகியவை. எங்கோ ஒரு கல்லூரி வழங்கிய மதிப்பெண்ணின் பொருள் அங்கே இருப்பவருக்கு விளங்காது. பரிந்துரைக் கடிதங்கள் எல்லாமே புகழ்ச்சி. நோக்க அறிக்கையோ இனிமேல் செய்யப்போவதைப் பற்றிய வாக்குறுதி. விண்ணப்பக்காரர் ஏற்கெனவே செய்து முடித்த வேலை என்று கண்ணால் காணக்கூடியது இந்த இருபது, இருபத்தைந்து பக்கம் மட்டுமே. இதை என் மகள் எனக்கு விளக்கியபோதுதான், துணியைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு விண்ணப்பத்துக்கு எண்பது முதல் நூறு டாலர் கட்டணம்; டாலர் எண்பத்திரண்டு ரூபாய்க்கு மேல் விற்ற காலம். ஐந்து பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இரண்டினிடம் கட்டண விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதி, ஒன்றில் அதைப் பெற்றும் இருந்தாள். மீதி நான்குக்கும் என் ஓய்வூதியத்திலிருந்து போயிற்று. பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கட்டிய பிறகு தவறான கட்டுரையை அனுப்பிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

அவள் என் முன் வைத்த முதல் கட்டு, ஆற்காட்டு நவாபுகளின் அரசவையைப் பற்றியது. வாலாஜா நவாபு முஹம்மது அலியின் வரலாறாகிய 'துஸக்கெ வாலாஜாஹி' என்னும் பாரசீக நூலை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறையைச் சேர்ந்த முஹம்மது ஹுசைன் நயினார் 1930-களில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது. அந்த மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, அரசவை வரலாற்றாசிரியர் ஒருவர் தம் எசமானரின் தோல்விகளை எவ்வாறு வெற்றிகளாகச் சொல்லுகிறார் என்பதை என் மகள் ஆராய்ந்திருந்தாள். இருபத்திரண்டு பக்கம். வகுப்பில் அதுவே முதலிடம் பெற்றது. ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு பிழை இல்லை.

இரண்டாவது கட்டு, முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் இயல். அறுபத்து நான்கு பக்கம். 1921-ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் முஸ்லிம் தொழிலாளர்களின் பங்கு என்பது பொருள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசாணைகள், அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகள், திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புக்கள், இவற்றுடன் இரண்டு முதிய பெண்மணிகளின் வாய்மொழி. வாக்கியங்கள் பல இடங்களில் முண்டும் முடிச்சுமாக இருந்தன. அதற்கு மதிப்பெண்ணும் சற்றுக் குறைவே.

நான் தயங்கவே இல்லை. முதற்கட்டைத் தொட்டு, "இது" என்றேன். அடுக்கடுக்காகக் காரணங்களும் சொன்னேன்: அளவு சரியாக இருக்கிறது, முழுமையான கட்டுரை, ஓர் இயலை வெட்டி அனுப்பினால் தலையும் காலும் இல்லாமல் நிற்கும், மதிப்பெண்ணும் அதிகம். நம் முன்னோரின் பெருமையைப் பேசும் கட்டுரை என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அத்தா, எனக்குப் பாரசீகம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அதைப் படிக்கிற முதல் ஆளே 'மூலத்தைப் பார்த்தாயா'ன்னு கேட்பாங்க. நான் ஆராயப் போறதா எழுதியிருக்கறது வடசென்னைத் தொழிலாளரைப் பத்தி. நவாபு அரசவையை அனுப்பினா, 'இவ சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணு'ன்னு நினைக்க மாட்டாங்களா?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் விடை இல்லாதபோதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்போ அந்த இயலிலே முதல் பாதியை மட்டும் அனுப்பு" என்றேன். முதல் பாதி சங்கத்தின் தோற்றத்தைச் சொல்லுவது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அது பெயர் பெற்றதும் அதில் இருக்கின்றன. யாரையும் நோகடிக்காத பகுதி.

அவள் விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டாம் பாதியிலே தாதா இருக்காங்க. அதுனாலதானே?" என்றாள். அவள் என் பாட்டனாரையும் தாதா என்றே சொல்லுவாள்.

ஆம், அதனால்தான். இனி அதைச் சொல்லாமல் இக்கட்டுரை நகராது.

தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்து ஆலையில் சேர்ந்தவர் என் பாட்டனார். எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு கதைதான் உண்டு: வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து ஆறு மாதம் பட்டினி கிடந்தவர், கருங்காலிகள் உள்ளே போய் வேலை செய்தபோதும் வாயிலை மிதிக்காதவர். நான் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்தபோது, தொழிலாளர் இயக்கப் பாடம் வரும் நாளெல்லாம் இக்கதையைச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் கை தட்டுவார்கள்.

ஏடுகள் சொல்லுவது இதைவிட நீளமானது. வேலைநிறுத்தம் 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கி, ஜூனில் பக்கிங்காம் ஆலைக்குப் பரவி, அக்டோபர் வரை நீடித்தது. வீட்டுக் கணக்கில் ஆறு மாதம். ஏட்டுக் கணக்கில் ஐந்து. ஒத்துழையாமையும் கிலாபத்தும் நாடெங்கும் கொழுந்துவிட்டிருந்த ஆண்டு அது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். நிலமும் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை, ஊருக்குத் திரும்பினால் அங்கே காத்திருப்பது பண்ணையடிமை வாழ்வு என்னும் நிலையில் இருந்தவர்களுக்கு அந்த ஐந்து மாதம் எப்படி இருந்திருக்கும் என்பதை, முப்பத்தைந்து ஆண்டு வரலாறு கற்பித்த நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கலவரம் மாதக்கணக்கில் நீடித்தது. போலீஸார் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர் பலர் மாண்டனர். நீதிக்கட்சித் தலைவர்கள் அரசாங்கத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்ததே காரணம் என்றார்கள், எம்.சி. ராஜா அதை எதிர்த்தார். அக்கட்சிக்கும் அவருக்கும் இடையே விழுந்த பிளவு அதன்பின் ஆறவே இல்லை.

இவையெல்லாம் அச்சில் இருப்பவை. சென்னைத் தொழிலாளர் வரலாற்றைப் பற்றி டி. வீரராகவன் சென்னை ஐ.ஐ.டி.யில் எழுதிய முனைவர் ஆய்வேடு, அவர் மறைந்த பின்னர் 2013-இல் நூலாக வெளிவந்தது. பார்வையற்றவர் அவர். பிறர் படித்துக் காட்டக் கேட்டே அத்தனை ஆவணங்களையும் அவர் ஆராய்ந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண் இருந்தும் நான் பாடப்புத்தகத்தைத் தாண்டவில்லை.

அச்சில் இல்லாதது ஒன்று என் மகளின் இயலில் இருந்தது. அதைச் சொன்னவர் என் அக்கா. பாட்டனார் 1968-இல் நோயுற்றுக் கிடந்தபோது இருபத்து நான்கு வயதுப் பெண்ணாக இருந்து பணிவிடை செய்தவர். என்னிடம் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாததைத் தன் தம்பி மகளிடம் ஒலிப்பதிவுக் கருவியின் முன் சொல்லியிருக்கிறார். குடிசைகள் எரிந்த இரவு பாட்டனார் கூட்டத்தோடு புளியந்தோப்புக்குப் போயிருந்தாராம். "பந்தத்தை நான் பிடிக்கலே. அணைக்கவும் போகலே. நின்னு பார்த்தேன்" என்பது அவர் கூறியது.

இன்னொரு வாய்மொழி எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவினுடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் ஒன்று உண்டு. நோன்புக் கஞ்சியும் பொங்கல் கரும்பும் அச்சுவரின் மேலாகத்தான் போய் வரும். ஆயாவின் தாயார் புளியந்தோப்பில் பிறந்தவர். தீயிலிருந்து ஓடியபோது இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் உலை வைத்த பானையுமாக ஓடியதாகவும், பானையை ஏன் எடுத்தோம் என்று கடைசிவரை தமக்கே விளங்கவில்லை என்றும் அவ்வம்மையார் சொல்லிக்கொண்டிருப்பாராம். என் மகள் இவ்விரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்திருந்தாள். இரண்டுக்கும் இடையே தன் கருத்தாக ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்றிரவு நான் அவளிடம் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "நம்மைப் பத்தி நல்லது எழுதவே ஆளில்லாத காலம் இது. நீயே இதை எடுத்துக் கடல் கடந்து கொடுக்கணுமா? பக்கத்து வீட்டுலே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"ஆயாவுக்கு எப்பவோ தெரியும் அத்தா. அன்னிக்கு யார் யார் வந்தாங்கன்னு அவங்க அம்மா சொல்லியிருக்காங்க. தெரியாதது நம்ம வீட்டுலேதான்" என்றாள்.

இரவு இரண்டு மணிக்குக் காற்று ஓய்ந்தது. எனக்கு உறக்கம் வரவில்லை. இலங்கைப் பேரறிஞர் எம்.எம். உவைஸ் நினைவுக்கு வந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைக்கென எழுதிய ஆய்வே, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு என்னும் பொருளில் 1953-இல் ஆங்கில நூலாக வந்தது. அப்படியோர் இலக்கியம் இருக்கிறதா என்று கேட்டோர் மிகுந்திருந்த காலத்தில், ஒரு மாணவனின் முதுகலை ஆய்வு நம் சமுதாயத்துக்கே முகவரி எழுதிக் கொடுத்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று அவர் பேராசிரியராக அமர்ந்ததும் நாம் அறிந்ததே. என் மகளும் அப்படியொன்றைச் செய்யக் கூடாதா என்ற ஆசை என் உள்ளத்தில் இருந்தது. உவைஸ் அவர்கள் மாலைகளையும் படைப்போர்களையும் தேடி எடுத்துத் துடைத்துக் காட்டினார். இவளோ சாம்பலைக் கிளறுகிறாள் என்று எண்ணினேன். உவைஸும் யாரும் பார்க்காத இடத்தில் போய்ப் பார்த்தவர்தானே என்பது விடியும்போதுதான் உறைத்தது.

காலையில் இருவரும் அக்காவைப் பார்க்கத் தண்டையார்பேட்டைக்குப் புறப்பட்டோம். மழைக்கு வழக்கம்போல் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போகத் துணியாமல், ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டே போனார். சாலையெங்கும் மரக்கிளைகள். அக்காவின் சம்மதம் இல்லாமல் அனுப்புவதில்லை என்பது மகளின் தீர்மானம். வாய்மொழி வரலாற்றில் சொன்னவரின் இசைவு வேண்டும். ஆய்வேட்டுக்குக் கொடுத்த இசைவு போதாது, இது வேறு கைகளுக்குப் போகிறது என்றாள். அக்கா மறுத்துவிடுவார் என்று நான் உள்ளூர நம்பியிருந்தேன். மறுத்திருந்தால் என் கை சுத்தமாக இருந்திருக்கும்.

அக்கா கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடினார். "அனுப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பெத்தவங்களுக்கு எதிரா இருந்தாலும் சாட்சியை மறைக்காதேன்னு ஓதுறோமே தம்பி, அது யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கா?" என்றார். சற்றுப் பொறுத்து, "உனக்கு ஞாபகம் இருக்கா? தாதா உன்னைப் பெரியமேட்டுப் பள்ளிக்கு ஜும்ஆவுக்குக் கூட்டிப் போவாங்களே, எந்த வழியா?" என்று கேட்டார்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. வியாசர்பாடியிலிருந்து பெரியமேட்டுக்குப் புளியந்தோப்பு நெடுஞ்சாலை, சூளை வழியே நேராகப் போய்விடலாம். பாட்டனார் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசின் பாலம் ஏறி, வால்டாக்ஸ் சாலை முழுக்க நடந்து, சென்ட்ரலைச் சுற்றிக்கொண்டு போவார். எனக்கு ஒன்பது, பத்து வயது. ரயில்களைக் காட்டுவதற்காகத்தான் அவ்வழியே கூட்டிப் போகிறார் என்று நினைத்திருந்தேன். எஞ்சின்களை எண்ணிக்கொண்டே நடப்பேன்.

"நாப்பத்தேழு வருஷம் அந்தத் தெருவை அவங்க மிதிக்கலே" என்றார் அக்கா.

ஆட்டோவில் திரும்பும்போது மகள், "இதையும் சேர்க்கலாமா அத்தா?" என்று கேட்டாள். அது என் வாய்மொழி. என் இசைவு வேண்டுமே! சரி என்றேன். இறந்துபோன ஒருவர் தமக்காகப் பேச இயலாது என்பதால் பாட்டனாரின் பெயரை மட்டும் விட்டு, 'நெசவுப் பகுதித் தொழிலாளி ஒருவர்' என்று எழுதுவதென்றும், அவர் எழுதுகிறவளின் குடும்பத்தவர் என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் சொல்லிவிடுவதென்றும் முடிவாயிற்று.

மீதி ஐந்து நாளும் வெட்டும் வேலை. அறுபத்து நான்கு பக்கத்தை இருபத்து நான்காக்க வேண்டும். இதில் நான் கற்றுக்கொண்டது அதிகம். முன்னோர் யார் யார் என்ன எழுதினார்கள் என்று ஒன்பது பக்கம் முகவுரை இருந்தது. அதை ஒன்றரைப் பக்கமாக்கினாள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியர் முதல் மூன்று பக்கத்துக்குள் 'இவள் கேட்கும் கேள்வி என்ன' என்பதைக் காணவில்லையென்றால் மேலே படிக்க மாட்டார் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தாராம். நான் ஆசைப்பட்ட சங்கத் தோற்றம் அரைப் பக்கமாகச் சுருங்கியது. இயல் எங்கிருந்து வெட்டப்பட்டது, முன்னும் பின்னும் என்ன என்பதைச் சொல்லும் ஐந்து வரிக் குறிப்பு தலையில் ஏறியது. அடிக்குறிப்புகளில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. வேலையின் நேர்மை அங்கேதான் தெரியும் என்றாள், துணியின் பின்பக்கம்.

தமிழ் மேற்கோள்களை ஆங்கிலமாக்குவதில் எனக்கும் பங்கு கிடைத்தது. 'கருங்காலி' என்ற சொல்லில் ஓர் இரவு முழுதும் போயிற்று. ஆங்கிலத்தில் 'பிளாக்லெக்' என்று நேரே போட்டுவிடலாம். அதைப் பார்த்துச் செய்த சொல்லோ என்று எண்ணும்படி அத்தனை பொருத்தம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று நம்மவர் சொல்லும் விளக்கமும் உண்டு. "தன் இனம்னு யாரை யார் சொன்னாங்க அத்தா? அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது பக்கத்துலே உட்கார்ந்து சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். கட்டுரையில் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்று ஒரு பக்கம் எழுதினாள். என் வகுப்பறைகளில் கை தட்டிய பிள்ளைகள் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடிக் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்கள்.

அமெரிக்காவில் டிசம்பர் 15-ஆம் நாள் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு என்றால், நமக்கு 16-ஆம் நாள் காலை 10 மணி 29 நிமிடம். வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்குக் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்ததில், பதினேழாம் பக்கத்தில் 1921 என்பது 1912 என்று இருந்ததைக் கண்டுபிடித்தேன். ஆசிரியர் தொழிலால் விளைந்த ஒரே பயன். இணைய இணைப்பு அவ்வேளை பார்த்து அறுந்தது. மகள் கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஆயாவின் பேரன் தன் இணைப்பைக் கொடுத்தான். அந்த வீட்டுத் திண்ணையிலிருந்துதான் கட்டுரை போயிற்று.

பிப்ரவரியில் ஒரு துறையினர் கணினித் திரை வழியே நேர்காணல் வைத்தார்கள். அரைமணி நேரத்தில் பாதி அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே போயிற்றாம். "பந்தம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று ஒரு மூதறிஞர் கேட்டிருக்கிறார். "எனக்குத் தெரியாது. வேறு சாட்சி இல்லை. நம்ப விரும்புகிறேன் என்பதால்தான் அதை அடிக்குறிப்பில் எச்சரிக்கையாக எழுதியிருக்கிறேன்" என்று இவள் விடை சொன்னாளாம். ஐந்தில் மூன்று மறுத்தன. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. நேர்காணல் நடத்திய இடம் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம்.

போகும்போது அந்த இருபத்து நான்கு பக்கத்தின் படி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். அதனால் அதைத் தமிழாக்கி ஞாயிறுதோறும் தண்டையார்பேட்டைக்குப் போய்ப் படித்துக் காட்டத் தொடங்கினேன். ஆயாவும் ஒருமுறை கூட வந்து கேட்டார். அக்காவின் வார்த்தைகள் வரும் இடத்தை ஆங்கிலத்திலிருந்து திருப்பித் தமிழாக்கி, "அங்கே நின்றுகொண்டு பார்த்தேன்" என்று படித்தேன்.

"அப்படிச் சொல்லலே தம்பி" என்று அக்கா தடுத்தார். "நின்னு பார்த்தேன்னு சொல்லிட்டு, நிறுத்தி, 'பார்த்துக்கிட்டே நின்னேன்'னு மாத்திச் சொன்னாங்க. அந்தப் புள்ளைகிட்டே சொல்ல விட்டுப்போச்சு."

அன்றிரவே தொலைபேசியில் மகளிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.